பவர் பட்டன் செத்த டெக்கை எடைக்குப் போடும் முன்

பரணிலிருந்து பழைய விசிஆர் டெக்கை இறக்கி, தூசி தட்டி, கல்யாண கேசட்டைக் கையில் வைத்துக்கொண்டு பவர் பட்டனை அமுக்குகிறீர்கள், ஒன்றும் நடக்கவில்லை. தலையில் இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு "செத்துப் போச்சு" என்று பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுகிறவர்கள்தான் அதிகம். போடாதீர்கள். சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு குட்டி ஸ்விட்ச் மட்டும் கெட்டுப்போய், மற்றதெல்லாம் நன்றாக இருக்கிற டெக்குகள் நிறைய இப்படித்தான் காயலான் கடைக்குப் போகின்றன. புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளலாம் என்றால் அதற்கும் வழியில்லை. கடைசிவரை விசிஆர் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமே 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருப்பதைச் சரி பண்ணினால்தான் உண்டு.

கையில் ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் உங்கள் டெக்கில் இருப்பது எந்த வகை ஸ்விட்ச் என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டுக்கும் வைத்தியம் வேறு. ஒரு வகையில் பட்டனை அமுக்கினால் கனமாக "டக்" என்று உள்ளே போய் அங்கேயே நிற்கும், இன்னொரு முறை அமுக்கினால் வெளியே வரும். இது வீட்டுக் கரண்ட்டையே வெட்டுகிற ஸ்விட்ச்; ஆஃப் செய்தால் டெக்கில் ஒரு பொட்டு வெளிச்சம்கூட இருக்காது. மற்ற வகை லேசாகத் தொட்டால் "க்ளிக்" என்று ஒரு சின்ன சத்தத்தோடு திரும்பி வந்துவிடும். டெக் ஆஃபில் இருந்தாலும் முகப்பில் மணி ஓடிக்கொண்டிருக்கும், அல்லது ஒரு சிவப்பு விளக்காவது எரியும். 80களின் கடைசியிலிருந்து வந்த டெக்குகளில் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான், அதனால் அதைப் பற்றியே அதிகம் சொல்கிறேன், முதல் வகைக்குக் கடைசியில் வருகிறேன்.

இந்தச் சின்ன ஸ்விட்ச் வழியாக டெக்குக்குக் கரண்ட் போவதே இல்லை, இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பிளக்கைச் சொருகியவுடனே பவர் சப்ளை வேலை செய்ய ஆரம்பித்து, முகப்புக்குப் பின்னால் இருக்கும் கன்ட்ரோல் ஐசிக்கு, அதாவது டெக்கின் மூளையான சிப்புக்கு, 5 வோல்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பட்டனை அமுக்கினால் அந்த ஐசிக்கு ஒரு சமிக்ஞை போகிறது, அவ்வளவுதான். அதைப் பார்த்து ஐசிதான் "சரி, 12 வோல்ட்டையும் மற்றதையும் திறந்துவிடு" என்று சப்ளைக்குச் சொல்கிறது. ஆகவே ஸ்விட்ச் கெட்டால் மணி காட்டும் விளக்கு அணையாது. மணியோ சிவப்பு விளக்கோ எதுவுமே எரியவில்லை என்றால் குற்றவாளி ஸ்விட்ச் அல்ல, பியூஸோ சப்ளையில் கரண்ட்டைத் தேக்கி வைக்கும் கண்டென்சர் வற்றிப்போனதோதான். அந்த நிலையில் ஸ்விட்சை மாற்றிக்கொண்டிருப்பது வீண் வேலை.

முதலில் வெளியிலிருந்தே பாருங்கள்

ரிமோட் இருந்தால் அதில் பவரை அமுக்கிப் பாருங்கள். ரிமோட்டில் ஆன் ஆகிறது, முகப்பு பட்டனில் ஆகவில்லை என்றால் ஸ்விட்ச்தான், சந்தேகமே வேண்டாம். ரிமோட் வேலை செய்கிறதா என்று தெரியாவிட்டால் போன் கேமராவை அதன் மூக்குக்கு நேராக வைத்து ஒரு பட்டனை அமுக்குங்கள், திரையில் ஊதாவாக ஒரு வெளிச்சம் மினுக்கினால் ரிமோட் உயிரோடு இருக்கிறது. சில போன்களின் பின்பக்கக் கேமராவில் இது தெரியாது, செல்ஃபி கேமராவில் பாருங்கள்.

ரிமோட் இல்லையென்றால் இன்னொரு வழி இருக்கிறது. பெரும்பாலான பிற்கால விஎச்எஸ் டெக்குகள் கேசட்டை வாயில் வைத்துத் தள்ளினாலே தானாக ஆன் ஆகிவிடும். உருப்படாத ஒரு கேசட்டை எடுத்து மெதுவாக உள்ளே தள்ளுங்கள். உள்ளே இழுத்துக்கொண்டு முகப்பு விளக்கு பளிச்சென்று வந்தால் சப்ளை, ஐசி, மோட்டார் எல்லாம் நலம். ஆனால் தயவுசெய்து கல்யாண கேசட்டை வைத்து இந்தச் சோதனை செய்யாதீர்கள், எத்தனையோ வருஷம் ஓடாத டெக் முதல் கேசட்டைக் கடித்துத் துப்புவது சகஜம்.

முகப்பில் ஒரு கடிகாரச் சின்னமோ "டைமர்" என்ற எழுத்தோ எரிகிறதா என்றும் பாருங்கள். டைமர் ரெக்கார்டிங் போட்டு வைத்த நிலையில் டெக் பவர் பட்டனைக் கண்டுகொள்ளாது, அது அப்படித்தான் செய்யப்பட்டிருக்கிறது. டைமர் பட்டனை ஒரு தடவை அமுக்கினால் சரியாகிவிடும். இதற்காகவே டெக்கைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்கு வருகிறவர்கள் உண்டு, கடைக்காரர் சிரிக்காமல் அமுக்கிக் கொடுத்தனுப்புவார். சில மாடல்களில் குழந்தைகள் நோண்டாமலிருக்க ஒரு பூட்டும் இருக்கும்.

ஆன் ஆகிறது, ஆனால் சில நொடிகளில் தானாக அணைந்துவிடுகிறது என்றால் அது ஸ்விட்ச் கோளாறு இல்லை. டேப்பிலிருந்து படத்தைப் படிக்கும் ஹெட் டிரம் என்ற உருளை சுற்றவில்லை, அல்லது ரீல் நகரவில்லை, அல்லது உள்ளே பல்சக்கரங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை என்று ஐசி கண்டுபிடித்து டேப்பைக் காப்பாற்ற நிறுத்துகிறது. அது தனிக் கதை.

எல்லாவற்றையும்விட ஆளைக் குழப்புகிற அறிகுறி இதுதான்: பவரை அமுக்கினால் டெக் ஆன் ஆகாமல் கேசட்டை வெளியே தள்ளுகிறது, அல்லது சேனல் மாறுகிறது, அல்லது பத்துத் தடவை அமுக்கினால் ஒரு தடவை சரியாக வேலை செய்கிறது. பார்க்கிறவர்கள் ஐசி போய்விட்டது என்று பயந்துவிடுவார்கள். விஷயம் அதுவல்ல. ஒவ்வொரு பட்டனுக்கும் ஐசியில் ஒரு கால் ஒதுக்கினால் கட்டுப்படியாகாது என்பதால், நிறைய டெக்குகளில் நாலைந்து பட்டன்களை ஒரே கம்பியில் கோத்து, இடையிடையே கரண்ட்டுக்குத் தடை போடும் ரெசிஸ்டர்களை வைத்திருப்பார்கள். எந்தப் பட்டனை அமுக்குகிறோமோ அதற்கேற்ப அந்தக் கம்பியில் வரும் வோல்ட் மாறும், அந்த வோல்ட்டை வைத்துத்தான் இது பவர், இது பிளே, இது எஜெக்ட் என்று ஐசி கண்டுபிடிக்கிறது. புது ஸ்விட்சை அமுக்கினால் அதன் தடை ஒரு ஓமுக்கும் கீழே இருக்கும். உள்ளே கறுத்துப்போன ஸ்விட்சிலோ அது நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில்கூட ஏறிவிடும். அந்தக் கூடுதல் தடை ரெசிஸ்டரோடு சேர்ந்து வோல்ட்டை நகர்த்திவிட, ஐசி பவரை எஜெக்ட் என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குக் கிடைத்த கணக்கு தப்பு, பாவம் அது என்ன செய்யும்.

ஸ்விட்ச் ஏன் கறுக்கிறது? உள்ளே ஒரு மெல்லிய உலோக மூடி குமிழ் மாதிரி கவிழ்ந்து உட்கார்ந்திருக்கும். திருவிழாவில் விற்கும் தகரத் தவளையை அமுக்கினால் "டக்" என்று உள்வாங்கி விட்டவுடன் எழும்பும் அல்லவா, அதே வேலைதான். அது உள்வாங்கும்போது அடியிலிருக்கும் இரண்டு தகடுகளைச் சேர்த்துவிடுகிறது. தொடுகிற இடத்தில் மெல்லிசாக வெள்ளிப் பூச்சு இருக்கும், காற்றில் இருக்கும் கந்தகத்தால் வெள்ளிக் கொலுசு கறுக்கிற மாதிரியே இதுவும் கறுக்கும், ஈரக் காற்று பட்டால் இன்னும் சீக்கிரம். தேய்மானத்தால் போனது என்று நினைக்காதீர்கள். சாதாரண ரக ஸ்விட்சே ஒரு லட்சம் தடவை அமுக்கத் தாங்கும், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அமுக்கினாலும் 27 வருஷம் வரும். அமுக்காமல் போட்டு வைத்ததுதான் இதைக் கெடுக்கிறது. தினமும் அமுக்கினால் அந்தக் கறுப்பு கொஞ்சம் கொஞ்சமாக உரசிப்போகும், பரணில் கிடந்தால் படிந்துகொண்டே இருக்கும்.

திறப்பதற்கு முன்

பிளக்கைப் பிடுங்குங்கள். சுவர் ஸ்விட்சை ஆஃப் செய்தால் போதும் என்று நினைக்காதீர்கள், பிளக்கையே பிடுங்கி, கண்ணில் படுகிற இடத்தில் வயரை வைத்துக்கொள்ளுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஒரு ஆபத்து பாக்கி இருக்கிறது. பிற்கால டெக்குகளின் சப்ளையில் 230 வோல்ட் ஏசியை நேரடியாக டிசியாக மாற்றி, 325 வோல்ட் அளவுக்கு ஒரு பெரிய கண்டென்சரில் தேக்கி வைத்திருப்பார்கள். கட்டைவிரல் பருமனில், மேலே 400 வோல்ட் என்று எழுதியிருக்கும் கண்டென்சர்தான் அது. சப்ளை சரியாக ஓடாத டெக்கில் இது வடியாமல் ரொம்ப நேரம் அப்படியே நிற்கும். மல்டிமீட்டரை டிசி 1000 வோல்ட் அளவில் வைத்து அதன் இரண்டு கால்களிலும் தொட்டுப் பாருங்கள். வோல்ட் காட்டினால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனைகளிலும் நன்றாக உறை போட்ட வயரை வைத்துப் பற்றவைத்து, அதை அந்தக் கால்களில் ஒரு பத்து எண்ணும் வரை பிடித்துவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரைக் குறுக்கே வைத்துப் "பட்" என்று பொறி பறக்க விடுகிற வீரம் வேண்டாம், கண்டென்சரும் போகும், போர்டின் தாமிரத் தடமும் பெயரும். இது உங்களுக்குப் பழக்கமில்லாத வேலை என்றால் சப்ளை இருக்கும் மூலைக்கே போகாதீர்கள். இந்தச் சின்ன ஸ்விட்ச் வேலை முழுக்க முகப்பு போர்டில்தான், பெரும்பாலான டெக்குகளில் அது சப்ளையிலிருந்து தள்ளியே இருக்கும்.

டெக்கின் பின்னால் ஒட்டியிருக்கும் லேபிளையும் படியுங்கள். துபாயிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் பெட்டியில் வந்தவை பெரும்பாலும் நம் வோல்ட்டுக்கே செய்தவை. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் 120 வோல்ட், ஜப்பான் உள்ளூர் மாடல் என்றால் 100 வோல்ட். இவற்றைச் சோதித்துப் பார்க்கிறேன் என்று நேராகச் சுவரில் சொருகினால் ஸ்விட்சோடு நிற்காது, சப்ளையே போய்விடும்.

சாமான்கள்: ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர், 25 வாட் சோல்டரிங் அயன், ஈயம், ஈயம் நன்றாக ஒட்ட உதவும் ஃபிளக்ஸ், ஈயத்தை உறிஞ்சி எடுக்கும் பம்பு, ஒரு சின்ன இடுக்கி, டார்ச். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் போன் கேமராவை ஜூம் பண்ணிக்கொள்ளலாம். ஜப்பான் டெக்குகளின் ஸ்க்ரூ நம் ஸ்டார் டிரைவருக்குச் சரியாக உட்காராமல் வழுக்கும், அதனால் நன்றாக அழுத்திப் பிடித்துத் திருப்புங்கள், தலை ஒரு தடவை மழுங்கிவிட்டால் அப்புறம் அதைக் கழற்றுவதே ஒரு நாள் வேலை.

மேல் மூடிக்குப் பக்கவாட்டில் ஒன்றோ இரண்டோ, பின்பக்கம் சிலதும் ஸ்க்ரூ இருக்கும். எடுத்துவிட்டுப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பின்னால் இழுத்தால் வந்துவிடும். உள்ளே சாம்பல் நிறத்தில் தூசி மெத்தை போல படிந்திருக்கும், மூலையில் பல்லி முட்டை இருந்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். வாயால் ஊதாதீர்கள், தூசி ஹெட் டிரம்மில் போய் ஒட்டும். மென்மையான பிரஷ்ஷால் வெளிப்பக்கமாகத் தள்ளுங்கள். பளபளப்பான அந்த டிரம்மில் விரல் படவே கூடாது.

அப்புறம் முன் முகப்பு. இது ஸ்க்ரூவில் நிற்பதில்லை, மேலே மூன்று, கீழே மூன்று, பக்கத்துக்கு ஒன்று என்கிற மாதிரி பிளாஸ்டிக் கொக்கிகளில் நிற்கும். பழைய பிளாஸ்டிக் காய்ந்து போயிருக்கும், ஒரே இழுப்பில் இழுத்தால் கொக்கி ஒடிந்து கையோடு வரும். மேல் கொக்கிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிவிட்டு, திரும்ப மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரு விசிட்டிங் கார்டை இடையில் சொருகிக்கொண்டே போங்கள், கடைசியில் கீழ்க் கொக்கிகளை விடுங்கள். கேசட் வாயின் கதவை லேசாகத் திறந்து பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அதைத் தூக்கும் நெம்புகோலில் மாட்டி உடையும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். முகப்பு போர்டுக்கு ரிப்பன் வயர் வந்தால் அதன் கனெக்டரில் பூட்டு இருக்கிறதா என்று பார்த்துத் திறந்துவிட்டு இழுங்கள்.

ஸ்விட்சைப் பார்ப்பது, அளப்பது

முகப்பைக் கையில் எடுத்தவுடன் ஸ்விட்சை விட்டுவிட்டு முதலில் பட்டனைப் பாருங்கள். நீங்கள் விரலால் அமுக்குவது வெறும் பிளாஸ்டிக் தலைதான், அது மெல்லிய கை ஒன்றில் தொங்கிக்கொண்டு பின்னால் இருக்கும் ஸ்விட்சைத் தள்ளுகிறது. அந்தக் கை விரிசல் விட்டிருந்தால் அமுக்கும்போது வளைந்து ஸ்விட்ச் மேலேயே படாது. இதற்கு ஈயமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம். உடைந்த இடத்தைச் சுத்தம் செய்து, பின்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் பட்டை ஒன்றை வைத்து இரண்டு ட்யூப் கலக்கும் எபாக்ஸி பசையால் ஒட்டி, ஒரு இரவு காயவிடுங்கள். பசை ஸ்விட்ச் பக்கம் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்டன் நன்றாக இருந்தால் போர்டைத் திருப்பி ஸ்விட்சின் கால்கள் பற்றவைத்திருக்கும் இடத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நாலு பொட்டுகளில் ஏதாவது ஒன்றைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்டமான கோடு தெரிகிறதா? அதுதான் டிரை சோல்டர். வருஷக்கணக்காக விரலால் தள்ளித் தள்ளியே ஈயம் காலிலிருந்து விட்டுப்போயிருக்கும். கொஞ்சம் ஃபிளக்ஸ் தொட்டு, அயனை வைத்து, துளி புது ஈயம் கொடுத்தால் வேலை முடிந்தது. ஸ்விட்சை மாற்றும் முன் இதைச் செய்து பார்க்காதவர்கள் நல்ல ஸ்விட்சைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

இப்போது மீட்டர். ஸ்விட்சுக்கு நாலு கால் இருந்தாலும் உள்ளே இரண்டு இரண்டாக ஏற்கெனவே சேர்ந்தே இருக்கும். அதனால் குறுக்காக, மூலைக்கு மூலை இருக்கும் இரண்டு கால்களில் வையுங்கள், அப்போது தப்பாகவே முடியாது. 200 ஓம் அளவில் வைத்துப் பட்டனை அமுக்குங்கள். மீட்டரின் இரண்டு வயர் முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வருகிற அதே எண் வந்தால் ஸ்விட்ச் நலம். 40, 300, அல்லது ஓரிடத்தில் நிற்காமல் குதிக்கும் எண் வந்தால் கெட்டது. அமுக்காமல் இருக்கும்போது சில ஆயிரம் ஓம் காட்டினால் பதற வேண்டாம், போர்டில் இருக்கும் மற்ற ரெசிஸ்டர்கள் வழியாக வருவது அது. மெதுவாக, பலமாக, ஓரமாக என்று பல விதமாக அமுக்கிப் பாருங்கள், சில ஸ்விட்ச் நேராக அமுக்கினால் ஒழுங்காகவும் ஓரத்தில் அமுக்கினால் ஏமாற்றியும் ஆடும். பக்கத்தில் இருக்கும் பிளே ஸ்விட்சையும் அதே மாதிரி அளந்து ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முழு நிச்சயம் வேண்டுமென்றால், பிளக் பிடுங்கிய நிலையிலேயே அந்த இரண்டு கால்களிலும் மெல்லிய வயரைப் பற்றவைத்து டெக்குக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ரிப்பனை மாட்டி, மேல் மூடியைச் சும்மா வைத்து, அப்புறம் கரண்ட் கொடுங்கள். வயர் முனைகளை ஒரு நொடி தொட்டால் டெக் ஆன் ஆகிறதா? ஆகிறது என்றால் கோளாறு ஸ்விட்ச்தான். உள்ளே கையை விடாமலே தெரிந்துவிடும். இந்த இரண்டு வயரையும் நிரந்தரமாகச் சேர்த்துவிட்டால் எப்போதும் ஆனில் இருக்குமே என்று சிலர் கேட்பார்கள், அது நடக்காது. யாரோ பட்டனை விடாமல் அமுக்கிக்கொண்டிருப்பதாக ஐசி நினைக்கும், அதே கம்பியில் இருக்கும் மற்ற பட்டன்களும் சேர்ந்து செத்துவிடும்.

மாற்றுவது

ஸ்ப்ரே அடித்தால் சரியாகாதா என்றால், ஆகும், கொஞ்ச நாளைக்கு. எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரை அதன் மெல்லிய குழல் வழியாக ஸ்விட்சின் தண்டு ஓரத்தில் ஒரு சொட்டு விட்டு, பல தடவை அமுக்கி எடுத்து, நன்றாகக் காயவிட்டால் அன்றைக்கு கேசட்டைப் பார்த்துவிடலாம். அவசரத்துக்கு அது தப்பில்லை. கதவுக் கீலுக்கு அடிக்கும் துரு எண்ணெய் ஸ்ப்ரேயை மட்டும் எடுத்து அடிக்காதீர்கள், எண்ணெய் உள்ளே தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும், பக்கத்து ரப்பர் பெல்ட்டில் பட்டால் அதுவும் வழுக்கும். எப்படியும் முகப்பைக் கழற்றியாகிவிட்டது, புதிதையே போட்டுவிடுங்கள் என்பதுதான் என் கட்சி.

வாங்கும்போது பழையதை அளந்துகொண்டு போங்கள். பெரும்பாலும் 6க்கு 6 மில்லிமீட்டர் சதுரம், நாலு கால். சென்னையில் ரிச்சி தெருவில், வேறு ஊரில் என்றால் டிவி ரிப்பேர் சாமான் விற்கும் கடையில், "டாக்ட் ஸ்விட்ச்" என்று கேளுங்கள், சிலர் அதையே மைக்ரோ ஸ்விட்ச் என்பார்கள். கவனிக்க வேண்டியது உயரம். போர்டிலிருந்து தண்டின் நுனி வரை 4.3, 5, 7, 9.5 மில்லிமீட்டர் என்று பல உயரங்களில் வரும். அரை மில்லிமீட்டர் கூடினால் முகப்பை மாட்டியவுடன் பட்டன் தானாகவே அமுங்கி நிற்கும், குறைந்தால் எவ்வளவு அமுக்கினாலும் எட்டாது. சரியான உயரம் கிடைக்கவில்லையா, உயரமானதை வாங்கி நெயில் கட்டரால் நறுக்கி உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்குங்கள். ஒன்று வாங்காதீர்கள், ஒரு பாக்கெட்டாகவே வாங்குங்கள். பவர் ஸ்விட்ச் கறுத்திருந்தால் பிளேயும் எஜெக்ட்டும் அதே வழியில்தான் இருக்கும், ஒரே மூச்சில் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம்.

கடைக்குப் போக வழியில்லை, இன்றைக்கே வேண்டும் என்றால் அதே முகப்பில் நீங்கள் தொடவே தொடாத ஒரு பட்டனைப் பாருங்கள். சேனல் ஏற்றி இறக்கும் பட்டன் இருக்கும், ஆன்டெனா வழியாக டிவி பார்க்கிற காலம் போய்விட்டதால் அது இனி யாருக்கும் வேண்டாம். உயரம் ஒன்றாக இருந்து, மீட்டரில் நல்ல எண் காட்டினால் அதைப் பிடுங்கி பவருக்குப் போட்டுவிடுங்கள், பவருடையதை அங்கே போட்டால் வெளியே வித்தியாசமே தெரியாது.

பழைய டெக்குகளின் முகப்பு போர்டு பெரும்பாலும் பழுப்பு நிறத்தில், ஒரு பக்கம் மட்டும் தாமிரத் தடம் உள்ள மலிவான ரகம். இதில் சூடு கூடினால் தடம் தோல் மாதிரி உரிந்து வந்துவிடும். ஆகவே பழைய ஈயத்தின் மேல் முதலில் கொஞ்சம் புது ஈயம் சேர்த்து உருக்குங்கள், காய்ந்த ஈயம் இளகி வர அதுதான் வழி. உருகியவுடன் பம்பால் உறிஞ்சுங்கள், ஒரு பொட்டில் இரண்டு மூன்று நொடிக்கு மேல் அயனை வைக்காதீர்கள், வரவில்லை என்றால் ஆறவிட்டு மறுபடி வாருங்கள். கால்களின் நுனி தொழிற்சாலையிலேயே மடக்கப்பட்டிருக்கும், இடுக்கியால் நிமிர்த்திவிட்டு லேசாக ஆட்டிப் பாருங்கள், நாலு காலும் ஆடினால்தான் இழுக்க வேண்டும். ஒரு கால் ஒட்டிக்கொண்டிருக்கும்போது நெம்பினால் தடம் பெயர்வது நிச்சயம். பெயர்ந்தே விட்டால் அழ வேண்டாம், அந்தத் தடத்தில் கொஞ்சம் தள்ளிப் பச்சைப் பூச்சைப் பிளேடால் சுரண்டிச் செம்பு தெரியவைத்து, ஒற்றை இழை வயரால் ஸ்விட்சின் காலோடு சேர்த்துவிடலாம்.

புதியதைச் சொருகும்போது அது ஒரு பக்கம்தான் சொகுசாக உட்காரும், ஏனென்றால் கால்களுக்கு இடையே ஒரு திசையில் 6.5, இன்னொரு திசையில் 4.5 மில்லிமீட்டர். திருப்பி வைத்துக் காலை வளைத்து நுழைத்தால், உள்ளே சேர்ந்திருக்கும் ஜோடிக் கால்கள் இரண்டு தடத்தையும் இணைத்துவிடும், பட்டன் எப்போதும் அமுங்கிய நிலையில் இருப்பதாக ஆகிவிடும். போர்டில் தட்டையாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து, முதலில் ஒரு காலை மட்டும் பற்றவைத்து, சாய்வு இருந்தால் திருத்தி, பிறகு மற்ற மூன்றையும் பற்றவையுங்கள். மிச்ச ஃபிளக்ஸைப் பழைய டூத் பிரஷ்ஷும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைத்துவிடுங்கள். மறுபடி மீட்டரை வைத்து அமுக்கிப் பாருங்கள், விட்டுப் பாருங்கள்.

கரண்ட்டை நேராக வெட்டும் ஸ்விட்ச் என்றால்

அமுக்கினால் உள்ளேயே நிற்கும் அந்தக் கனமான வகை. இதில் 230 வோல்ட் ஓடுகிறது, ஆகவே விளையாட்டு கிடையாது. பிளக் பிடுங்கிய நிலையில் மீட்டரை வையுங்கள். உள்ளே நிற்கும்போது பூஜ்யத்துக்குப் பக்கத்திலும் வெளியே வந்தபின் முடிவிலியும் காட்ட வேண்டும். ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒன்றாக வெட்டும் ரகம் என்றால் இரண்டு ஜோடியையும் தனித்தனியாகப் பாருங்கள். நீண்ட பிளாஸ்டிக் குச்சி ஒன்று முகப்பிலிருந்து பின்னால் இருக்கும் ஸ்விட்சைத் தள்ளும் மாடல்களில் அந்தக் குச்சி நழுவியிருப்பதே முழுக் கோளாறாக இருக்கலாம்.

இந்த வகைக்குள் ஸ்ப்ரே அடிக்கவே கூடாது. ஆன் செய்யும் கணத்தில் சப்ளைக் கண்டென்சர் நிரம்புவதற்காகப் பெரிய கரண்ட் பாய்ந்து, தொடும் முனைகளில் பொறி பறந்து, கருகிக் குழி விழுந்திருக்கும். அதைக் கழுவி ஒன்றும் ஆகப்போவதில்லை, நிறைய கிளீனர்கள் தீப்பற்றும் சரக்கு வேறு. மாற்றுவதுதான் வழி. உடம்பில் 250 வோல்ட் என்றும் "டிவி-5" என்றும் பொறித்திருப்பதைத் தேடி வாங்குங்கள். அந்த டிவி-5 என்பது 5 ஆம்பியர் தாங்குவதோடு ஆன் ஆகும் கணத்தில் 78 ஆம்பியர் உச்சம் வரை பாய்வதையும் தாங்கும் என்பதற்கான தர அடையாளம். வெறும் ஆம்பியர் எண்ணைப் பார்த்து மேஜை விளக்கு ஸ்விட்சை வாங்கிப் போட்டால் கொஞ்ச நாளில் முனை ஒட்டிக்கொண்டு ஆஃபே ஆகாது. ஸ்விட்சின் குறுக்கே பொறியை அடக்க ஒரு சின்னப் பெட்டிக் கண்டென்சர் இருந்து, அது வெடித்திருந்தால், எக்ஸ்2 என்று எழுதியதை மட்டுமே போடுங்கள், அந்த வகைதான் வீட்டுக் கரண்ட்டின் குறுக்கே நிற்கச் செய்யப்பட்டது. பற்றவைத்த கால்கள் மேல் சுருங்கும் ஸ்லீவ் போட்டு, முன்பு இருந்த பிளாஸ்டிக் உறையைத் திரும்ப மாட்டுங்கள்.

"ஸ்விட்சை டைரக்ட் பண்ணிட்டேன் சார், சுவரில் போட்டு அணைச்சுக்கோங்க" என்று சொல்கிற மெக்கானிக்குகள் உண்டு. இந்த வகையில் அது வேலை செய்யும் என்பது உண்மைதான், நன்றாகப் பற்றவைத்து உறை போட்டிருந்தால் உடனே ஆபத்து ஒன்றும் இல்லை. ஆனால் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், இடி மின்னல் நேரத்தில், யாராவது சுவர் ஸ்விட்சை மறந்துவிடுவார்கள். ஸ்விட்ச் கிடைக்கும்வரை என்று வைத்துக்கொள்ளலாம், அதற்கு மேல் எனக்கு ஒப்புதலில்லை. பழைய பெரிய டியூப் டிவிகளிலும் இதே வகை ஸ்விட்ச்தான் இருக்கும், ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு இந்தத் துணிச்சலில் டிவியைத் திறக்காதீர்கள், அதன் பிக்சர் ட்யூபில் ஆயிரக்கணக்கான வோல்ட் நிற்கும்.

மாட்டி முடித்த பிறகு

முகப்பைக் கொக்கிகளில் பொருத்தும்போது கேசட் கதவு அதன் நெம்புகோலில் சரியாக உட்கார்கிறதா என்று பாருங்கள். கரண்ட் கொடுக்கும் முன்னாலேயே பவர் பட்டனை அமுக்கினால் க்ளிக் சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் தண்டின் உயரத்தைத் திரும்பப் பாருங்கள். ஆன் ஆனவுடன் கேசட் இல்லாமல் சில தடவை ஆன், ஆஃப் செய்து பாருங்கள், பிறகு அந்த உருப்படாத கேசட்டைப் போட்டு ஓட்டி, நிறுத்தி, வெளியே எடுத்து, டேப் கசங்கியிருக்கிறதா என்று அதன் மூடியைத் திறந்து பாருங்கள். கசங்கவில்லை என்றால் கல்யாண கேசட்டுக்குப் போகலாம், அதிலும் உள்ளே ரீலின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை படிந்திருந்தால் போடாதீர்கள், ஹெட்டெல்லாம் பூசிக்கொள்ளும்.

ஸ்விட்சை மாற்றியும், மீட்டரில் அது நன்றாக இருந்தும், டெக் அசையவில்லை என்றால் ரிப்பன் கனெக்டரைக் கழற்றி மறுபடி சொருகிப் பாருங்கள், அதன் முனைகள் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் கோளாறு சப்ளையிலோ ஐசியிலோதான், மெக்கானிக்கிடம் எடுத்துப் போங்கள். போகும்போது மணி எரிகிறது அல்லது எரியவில்லை, ரிமோட்டில் இப்படி, கேசட்டைத் தள்ளினால் அப்படி, ஸ்விட்ச் புதிது, அமுக்கினால் பூஜ்ய ஓம் காட்டுகிறது என்று ஒரு தாளில் எழுதி டெக்கின் மேல் ஒட்டிக் கொடுத்துவிடுங்கள். அவருக்குப் பாதி நேரம் மிச்சம், உங்களுக்கும் "ஸ்விட்ச் மாத்தினேன்" என்ற ஒரு வரி பில்லில் வராது.